எம்டன் பிறந்த ஆண்டு

பாட்டன், பூட்டன், ஓட்டன் என்று மூன்று தலைமுறைக்கு அப்பால் இருப்பவருக்கும் நம் தமிழ் ஒரு சொல்லை வைத்திருக்கிறது. நம் வீடுகளில் எத்தனை பேருக்கு அந்த மூன்றாவது மனிதரின் பெயர் தெரியும்? மூவேந்தர் வரலாற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த நாம், நம்மை இந்த மண்ணில் கொண்டுவந்து நட்டவர் எந்தக் கப்பலில் வந்தார், எந்த ரயில் நிலையத்தில் இறங்கினார் என்று கேட்டால் விழிக்கிறோம்.

என் ஓட்டனைத் தேட எனக்கு ஒரு காரணம் இருந்தது. அது வரலாற்று ஆர்வமல்ல, என் பாட்டியின் கைப்பைக்குள் இருந்த சிவப்பு அடையாள அட்டை.

பாட்டிக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஜொகூர் மாநிலத்தில், கூலாய்க்கு வடக்கே ஒரு தோட்டத்தின் மூன்றாவது லயத்தில் 1941-இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் உளியும் மங்கும் எடுத்தவர். பால்மரம் போய் செம்பனை வந்தபோது உரம் போட்டவர். கப்பலையே பார்க்காதவர். ஆனாலும் இந்த நாட்டின் கணக்கில் அவர் ஒரு நிரந்தரவாசி, அதாவது வெளியிலிருந்து வந்து தங்கியவர். நாங்கள் எல்லாரும் நீல அட்டைக்காரர்கள். 2018-லும் 2022-லும் பொதுத்தேர்தலுக்கு வீடே கிளம்பிப் போனபோது பாட்டி மட்டும் வீட்டைப் பார்த்துக்கொண்டார். ஜொகூர் பாருவில் நின்றால் கண்ணுக்கெதிரே தெரிகிற சிங்கப்பூருக்குக்கூட, கடப்பிதழ் இல்லாததால் அவர் ஒருமுறையும் போனதில்லை.

“விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாமே பாட்டி?” என்று கேட்காத பிள்ளையில்லை. அரசியலமைப்பின் 19ஆம் பிரிவின்கீழ் குடியுரிமை கேட்கலாம். இத்தனை ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும், மலாய்மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். பாட்டியின் மலாய் பாசார் மலாய்தான், ஆனால் அவர் தயங்கியது அதற்காக அல்ல. “அது வெளியூர்க்காரங்க கேக்குற விண்ணப்பம் கண்ணு. நான் எதுக்கு அதுல கேக்கணும்? நான் இங்கதான பொறந்தேன்?” என்பார். 2011 பிப்ரவரியில் ஆவணம் இல்லாத இந்தியர்களைப் பதிவு செய்யும் ‘மைடஃப்தார்’ இயக்கம் நடந்தபோதும் அவர் அந்த வரிசைக்குப் போகவில்லை. பிடிவாதம் என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அது பிடிவாதமாகத் தெரியவில்லை. அவர் சொன்னது உண்மை. உண்மைக்குத் தாள் இல்லை, அவ்வளவுதான்.

தாள் எங்கே போனது?

பாட்டியின் அப்பாவை 1943-இல் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் போட்ட பாதை அது. போர்க்கைதிகளைப் பற்றிப் புத்தகங்களும் திரைப்படங்களும் வந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றப்பட்ட தமிழர்களோ பல்லாயிரக்கணக்கில் காட்டோடு போனார்கள். 1943 அக்டோபரில் இரு முனையிலிருந்து வந்த தண்டவாளங்கள் ஒன்று சேர்ந்தன. என் பூட்டன் திரும்பி வரவில்லை. பாட்டியின் அம்மாவும் அந்தச் சப்பான்காரன் காலத்திலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். இருந்த காகிதங்கள், கூரை ஒழுகிய லயத்திலோ, 1948-இல் அவசரகாலம் வந்த பிறகு முள்வேலிக்குள் இடம் மாறிய அவசரத்திலோ அழிந்துவிட்டன. பாட்டியை வளர்த்தவர் அவருடைய தாத்தா. அவர்தான் என் ஓட்டன்.

அடையாள அட்டைப் பதிவு அவசரகாலத்தில் தொடங்கியது. பன்னிரண்டு வயது நிரம்பியதும் பாட்டியைத் தாத்தா அழைத்துப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் “எங்கே பிறந்தது?” என்று கேட்டார். “நாமக்கல் பக்கம்” என்று தாத்தா சொன்னது பாட்டிக்கு இன்னும் நினைவிருக்கிறது. கேள்வி யாரைப் பற்றியது என்று அந்தக் கிழவருக்குப் புரியவில்லை போலும். அவரிடம் யாராவது ஏதாவது கேட்டால் அது அவருடைய ஊரைப் பற்றியதாகத்தான் இருந்து பழக்கம்! பாட்டியின் பெயருக்கு நேரே ‘இந்தியா’ என்று விழுந்தது. 1960-களில் புது அட்டை வந்தபோது அது சிவப்பாக வந்தது.

சட்டக் கல்லூரித் தோழி ஒருத்திதான் எனக்கு வழி காட்டினாள். 1948-ஆம் ஆண்டு மலாயாக் கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் குடியுரிமை விதிகள் இறுக்கமாக இருந்தன. 1952-இல் அவை தளர்ந்தன. இங்கே பிறந்தவர், பெற்றோரில் ஒருவரும் இங்கேயே பிறந்திருந்தால், அப்போதே குடிமகன் ஆனார். இரண்டு தலைமுறைப் பிறப்பு, அதுதான் கணக்கு. “உன் பாட்டி இங்கே பிறந்தார் என்பதை மட்டும் காட்டினால் போதாது. அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தார் என்று காட்டு. அப்படியானால் உன் பாட்டி குடியுரிமை கேட்கவே வேண்டாம், 1952-லிருந்து அவர் குடிமகள்தான்!” என்றாள் தோழி.

ஆகவே கேள்வி ஓட்டனிடம் போய் நின்றது. அவர் எப்போது வந்தார்? மகன் பிறந்தது கப்பலுக்கு முன்பா, பின்பா?

அமெரிக்காவில் இப்படித் தேடுவோர் ஏராளம். மேற்கே காடு திருத்தப் போன முப்பாட்டனைத் தேடி ஆவணக் காப்பகங்களில் தவம் கிடப்பார்கள். அவர்களுக்குத் தாள் கிடைக்கிறது. 1862-ஆம் ஆண்டின் ‘ஹோம்ஸ்டெட்’ சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிட்டவருக்கு 160 ஏக்கரைச் சொந்தமாகக் கொடுத்தது. நிலம் கொடுத்தால் விண்ணப்பம் இருக்கும், சாட்சி இருக்கும், பட்டா இருக்கும். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்களும் 72 ஆண்டு கழித்து வெளியிடப்படுகின்றன. 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-இல் வெளிவந்தன. அந்த நிலத்தில் முன்பே வாழ்ந்த பூர்வகுடிகளின் துயரம் தனிக்கதை. ஆனால் காடு வெட்டியவன் பெயராவது அங்கே ஏட்டில் ஏறியது. நம் ஓட்டன்களும் காடுதான் வெட்டினார்கள். ஒரு முழ நிலம்கூட அவர்கள் பெயரில் எழுதப்படவில்லை. நிலம் இல்லாத இடத்தில் பெயரும் இல்லை. பெரட்டில் ஆள்கணக்கு உண்டு. அந்தச் செக்ரோல் புத்தகங்களும் தோட்டம் கைமாறக் கைமாறக் காணாமல் போயின.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பயனில்லை. அந்தப் பெயரில் ஒவ்வொரு தோட்டத்திலும் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். பதிவு அலுவலகம் ஒன்றில் ஐந்து விதமாக எழுத்துக் கூட்டித் தேடிய பிறகுதான் அவருடைய மரணப் பதிவு அகப்பட்டது. 1956, தோட்டத் தொழிலாளி, பிறப்பு இந்தியா. மகனுடைய பிறப்புப் பதிவைக் கேட்டதற்கு ‘இல்லை’ என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

தாள் இல்லாத இடத்தில் நினைவைத்தான் நம்ப வேண்டியிருந்தது. மூன்று விடுமுறைகள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தா சொன்னதாக அவர் சொன்னவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். ‘எந்த வருடம்?’ என்று ஒருமுறையும் கேட்கவில்லை. வருடக் கணக்கு அந்த லயத்தில் யாருக்கும் இருந்ததில்லை. ‘அப்போது வேறென்ன நடந்தது?’ என்று மட்டும் கேட்டேன். பிறகு அந்தச் சம்பவங்களை நூலகத்தில் தேடினேன்.

முதலாவது, பிறப்பு. தாது வருசப் பஞ்சத்தில் தம் அம்மா புளியங்கொட்டையை வேகவைத்துத் தின்று பிழைத்ததையும், பஞ்சம் தீர்ந்து பத்து வருடம் கழித்துத் தாம் பிறந்ததையும் ஓட்டன் சொல்வாராம். சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. அப்படியானால் அவர் பிறந்தது 1888-ஐ ஒட்டி.

இரண்டாவது, பயணம். மனைவியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறியிருக்கிறார். கங்காணி சொன்ன கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதானே, மரத்தடியைத் தோண்டினால் காசு! சிங்கப்பூரில் இறங்கியதும் ஒரு தீவில் சில நாள் அடைத்துவைத்து உடம்பைப் பார்த்தார்களாம். அது செயின்ட் ஜான்ஸ் தீவின் நோய்த்தடுப்பு முகாம். அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்கு முக்கியம். ரயிலில் வந்து, இறங்கி, படகில் கடலைத் தாண்டி, மறுபடி ரயிலேறிக் கூலாயில் இறங்கினார்களாம். சிங்கப்பூருக்குள் உட்லண்ட்ஸ் வரை ரயில் 1903-இல் வந்துவிட்டது. தெப்ராவ் நீரிணையைக் கடக்கப் படகுதான். ஜொகூர் கடற்பாலத்தில் சரக்கு ரயில் ஓடியது 1923-இல், அதிகாரபூர்வத் திறப்பு விழா 1924 ஜூனில். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ஜொகூர் அரசு ரயில் பாதை முடிந்தது 1909-இல். ஆக, அவர் வந்தது 1909-க்குப் பின், 1923-க்கு முன்.

மூன்றாவது, ஆற்றங்கரைச் சீனர்கள். தோட்டம் இன்னும் பாதிக் காடாக இருந்த நாளில், ஆற்றோரம் சீனர்கள் பெரிய கொப்பரையில் இலையைக் கொதிக்க வைப்பார்கள், அவர்களுக்கு ஆற்றுக்கு ஒரு தலைவன் இருந்தான், துரைகூட அவனிடம் மரியாதையாகப் பேசுவார் என்று ஓட்டன் சொல்லியிருக்கிறார். கொதித்தது கம்பீர் இலை. தோல் பதனிடவும் சாயம் போடவும் பயன்பட்ட பொருள். அந்தத் தலைவன் ‘காங்சூ’. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூர் ஆட்சியாளர்கள், ஒவ்வோர் ஆற்றையும் ஒரு சீனத் தலைவனுக்குச் ‘சூராட் சுங்கை’ என்ற பத்திரத்தின் மூலம் ஒப்படைத்து, மிளகும் கம்பீரும் பயிரிடச் செய்தார்கள். ஜொகூரின் முதல் காடு திருத்தியவர்கள் அவர்கள். ரப்பர் வந்ததும் அந்த உலகம் தேய்ந்தது. காங்சூ முறை 1917-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆக, 1917-க்கு முன்.

நான்காவது, விலை. “நாங்க வந்த புதுசுல பாலுக்கு வெல ஏறி, தொரைங்க தரையில நடக்கல, பறந்தாங்க” என்று சிரிப்பாராம். அமெரிக்காவில் ஃபோர்டின் ‘மாடல் டி’ கார் 1908-இல் வந்தது. உலகம் முழுவதும் டயருக்காக ரப்பரைத் தேடியது. 1910 ஏப்ரலில் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டி விற்றது. அந்த ஆண்டைத் தவிர, துரைகள் பறந்த ஆண்டு வேறு எதுவாக இருக்கும்?

இப்படி நான்கு கயிறும் ஒரே முளையில் வந்து கட்டிக்கொண்டன. 1909 அல்லது 1910. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கி, தோட்ட முதலாளிகள் கட்டிய வரியிலிருந்து கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்ட காலம் அது. கங்காணிகள் கூட்டம் கூட்டமாக அழைத்து வந்த காலம்.

ஆனால் மகன்? அதற்கும் விடை பாட்டியிடமே இருந்தது. அத்தனை நாளும் அது விடை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

பாட்டியின் அப்பாவுக்கு லயத்தில் பட்டப்பெயர் ‘எம்டன்’. கெட்டிக்காரரை, யாருக்கும் பிடிகொடுக்காதவரை ‘அவன் எம்டன்டா’ என்பது நம் வழக்கம். அவர் குறும்புக்காரர் என்பதால் அந்தப் பெயர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஒருநாள் பேச்சுவாக்கில் பாட்டி சொன்னார்: “கொறும்புக்காக இல்ல கண்ணு. அவரு பொறந்தப்ப எம்டன் கப்பல் பினாங்குல குண்டு போட்டுச்சாம். ஊருக்குக் காசு அனுப்ப முடியாமப் போச்சாம். மருத்துவச்சிதான் அப்படிப் பேரு வெச்சா.”

நான் நோட்டைக் கீழே வைத்துவிட்டேன். ‘எம்டன்’ என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது 1914 செப்டம்பர் 22-இல். பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது அதே ஆண்டு அக்டோபர் 28-இல். அடுத்த மாதமே கோக்கோஸ் தீவுகளருகே எம்டனும் அழிந்தது. பிறந்த குழந்தைக்கு அந்தப் பெயர் ஒட்ட வேண்டுமானால் அது 1914-இன் கடைசி மாதங்கள்தான். வேறொரு நினைவும் இதற்குத் துணை வந்தது. கடற்பாலம் திறந்த வருடம் அப்பாவுக்குப் பத்து வயது, அதைப் பார்க்க ஓட்டன் தோளில் தூக்காமல் கையைப் பிடித்தே நடத்திக் கூட்டிப் போனார் என்று பாட்டி முன்பே சொல்லியிருந்தார். 1924-இல் பத்து வயது. கணக்குச் சரி.

1910-இல் கூலாயில் இறங்கியவர் அதன்பின் ஊருக்குத் திரும்பியதே இல்லை. 1914-இல் அவருக்கு மகன் பிறந்தான். அப்படியானால் அவன் பிறந்த மண் எது?

நண்பர்களே, நினைவு நமக்குப் போதும். மேசைகளுக்குப் போதாது. பாட்டியின் பிறப்புக்காவது ஒரு எழுத்து வேண்டும் என்று அலைந்தோம். பழைய தோட்டத் தமிழ்ப்பள்ளி மூடப்பட்டு வேறொரு பள்ளியோடு இணைந்தது. அங்கே ஓர் ஆசிரியர், அலமாரியின் அடித்தட்டிலிருந்து கரையான் ஓரத்தைத் தின்ற சேர்க்கைப் பதிவேடு ஒன்றை எடுத்து வந்தார். 1949. மூன்றாவது பக்கத்தில் பாட்டியின் பெயர். தந்தை: காலமானார். பிறந்த ஊர்: கூலாய். பாதுகாவலர் கையொப்பம் என்ற கட்டத்தில், ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை.

என் ஓட்டனின் புகைப்படம் கிடையாது. அவரைப் புதைத்த மேடு செம்பனைக்குள் மறைந்துவிட்டது. சினாயில் 1974-இல் விமான நிலையம் வந்தது. நெடுஞ்சாலை வந்தது, தொழிற்சாலைகள் வந்தன. 2008-இல் கூலாய்ஜெயா என்று தனி மாவட்டமான எங்கள் ஊர், 2015-இல் மறுபடி கூலாய் என்ற பழைய பெயருக்குத் திரும்பியது. இத்தனை மாற்றத்திலும் அந்த மனிதர் இந்தப் பூமியில் இருந்தார் என்பதற்கு அவர் உடம்பால் விட்டுச்சென்ற அடையாளம் அந்த ரேகை ஒன்றுதான். பேத்தி படிக்க வேண்டும் என்பதற்காக வைத்த ரேகை. எந்த ஆள் பிடிக்கும் ஒப்பந்தத்திலும் வைத்ததல்ல என்பதில் எனக்கொரு பெருமிதம் உண்டு.

பதிவேட்டின் நகலும், அதே தோட்டத்தில் வளர்ந்த இரு முதியவர்களின் சத்தியப் பிரமாணமும், என் நோட்டிலிருந்து தட்டச்சு செய்த நான்கு பக்கக் காலக்கணக்கும் சேர்த்து விண்ணப்பம் போயிருக்கிறது. குடியுரிமை கொடுங்கள் என்ற விண்ணப்பமல்ல, இருப்பதை ஒப்புக்கொள்ளுங்கள் என்ற விண்ணப்பம். அதில் கையெழுத்திட பாட்டி மறுக்கவில்லை. பதில் இன்னும் வரவில்லை. என்ன பதில் வரும் என்று சொல்ல நான் சோதிடன் அல்ல.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், படித்து முடித்துப் போன அண்ணன் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் வீட்டில் இருக்கும் முதியவரின் பக்கத்தில் ஒரு நோட்டோடு உட்காருங்கள். வருடம் கேட்காதீர்கள். கப்பலிலிருந்து இறங்கியதும் எதில் ஏறினார்கள், முதலில் பார்த்த மனிதர் யார், பிள்ளை பிறந்தபோது ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள், பட்டப்பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள். பட்டப்பெயர்களை வெறும் கேலியென்று தள்ளிவிடாதீர்கள். பழைய தமிழ்ப்பள்ளிகளின் பதிவேடுகளைக் கரையான் முடிப்பதற்குள் படமெடுத்து வையுங்கள். சிவப்பு அட்டையோடு இன்னும் எத்தனையோ பாட்டிகள் நம் தோட்டப்புறங்களிலும் அடுக்குமாடிகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவையான சான்று, அவர்களே தினமும் சொல்லி நாம் காதில் போட்டுக்கொள்ளாத கதைக்குள் இருக்கலாம்.

விண்ணப்பத்தில் ‘தந்தை பிறந்த இடம்’ என்றொரு கட்டம் இருந்தது. எழுத்து வேலை முழுவதையும் நான் செய்தேன், அந்த ஒரு கட்டத்தை மட்டும் பாட்டி வாங்கிக்கொண்டார். இரண்டு வருடம் படித்த படிப்பில் மிஞ்சிய தமிழில், நடுங்கும் கையால், எழுத்தெழுத்தாக எழுதினார்: கூலாய்.

அதற்குக் கீழே நான் மலாயில் ஒருமுறை எழுதிக்கொடுத்தேன்.